ஒரு மொங்கோவுக்குப் பதினைந்து விநாடி

எனக்குக் கோபம் வந்தால் சிரித்துவிடுவேன். வளர்ப்பு அப்படி. சுமிலிர் மலையில் பிறந்த எல்லோருமே அப்படித்தான். முகத்தில் சிரிப்பு, வாயில் "மொங்கோ", உள்ளே கொதி உலை. மொங்கோ என்றால் "நீங்க போங்க", "உட்காருங்க", "எடுத்துக்குங்க", "உங்க இஷ்டம்", எல்லாம் அதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணினால் தலை சுற்றும். எத்தனை தடவை மனசோடு சொல்கிறோம் என்று எண்ண ஒரு கை போதும்.

என் பெயர் விகாத்தி. ஊரில் காத்தி. வயது முப்பத்தேழு. சொந்தமாக ஒரு குட்டி லாரி இருக்கிறது. ஏழு வருஷமாக மலையிறக்க சைக்கிள்காரர்களைச் சைக்கிளோடு உச்சியில் கொண்டுபோய் விடுவதுதான் என் பிழைப்பு. அவர்கள் மூன்று நாலு நிமிஷத்தில் பறந்து கீழே வருவார்கள். நான் இருபது நிமிஷம் கியர் மாற்றி மாற்றி மறுபடி ஏற்றுவேன். அந்தச் சைக்கிளில் ஏற்றத்தில் மிதிக்க முடியாது. இறங்குவதற்கென்றே செய்தது, நல்ல கனம். ஏறுகிற வேலை எப்போதும் வேறு யாருக்காவதுதான்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். அதன் கண்ணாடி என்றைக்கோ உடைந்து போனது. பின்னால் நிற்கும் பன்னிரண்டு பேர் பேசுவது அத்தனையும் என் காதில் விழும். நான் செவிடு என்று நினைத்துத்தான் பேசுவார்கள். பைன் காட்டில் எந்த வேர் ஈரத்தில் வழுக்கும், "கிழவன் பல்" என்கிற பாறைத் தொகுப்பில் எந்தப் பல்லுக்கும் எந்தப் பல்லுக்கும் நடுவே டயர் போகும், ஆப்பிள் தோட்டத்து வேலியை ஒட்டித் திரும்பும் "ஆப்பிள் வளைவில்" எந்த இடத்தில் வேகம் குறைக்க வேண்டும், எல்லாமே ஏழு வருஷம் காதால் படித்தேன். ஒரு தடவைகூடச் சைக்கிளில் ஏறாமலே பாதை எனக்கு மனப்பாடம்.

போன வருஷப் போட்டிக்கு மலாங் நகரத்திலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். பெண்கள் பிரிவு கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ரெத்னோ, ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு போட்டு, முழங்கால் கவசம் எல்லாம் புதிதாக வாங்கி வந்திருந்தாள். என் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டுக்கூட அழவில்லை. "உங்களுக்குத் தொந்தரவு, மன்னிச்சுக்குங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுதாள்.

சைக்கிள் பூங்காவின் முதலாளியும் போட்டிக் கமிட்டித் தலைவரும் ஒரே ஆள்தான், பாக் தார்சோ. பாக் என்றால் ஐயா. வெள்ளைத் தொப்பி. மைக் கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நேராக அவரிடம் போனேன்.

"பாக், பொம்பளைங்களுக்கு ஒரு பிரிவு வச்சா என்ன?"

"வைக்கலாம்மா. ஓட்டுறதுக்கு யாரு இருக்கா? நீயா?"

சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் ஆறவில்லை.

அடுத்த வாரமே ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். முன்னால் தடித்த ஸ்பிரிங் ஃபோர்க், பின்னால் ஒரு ஸ்பிரிங், டயரோ மோட்டார் சைக்கிள் டயர் மாதிரி. முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட் ஒன்று, யாரோ போட்டு வேர்த்த நாற்றத்தோடு கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஜாத்மிகோ அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக் கொல்லையில் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தார். அவர் பேச்சு அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். அதில் முதல் ஆள் காஞ்சில். உண்மைப் பெயர் குனார்த்தோ, வயது நாற்பத்தொன்று. ஒல்லியாகச் சருகுமான் மாதிரி துள்ளிப் போவான் என்று அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷமாகச் சைக்கிளில் இறங்குகிறான். ஆனால் போட்டி வந்தால் கத்துக்குட்டிப் பிரிவில்தான் பேர் கொடுப்பான். "மேல் பிரிவுல நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லையே, அப்ப நான் கத்துக்குட்டிதானே" என்று நியாயம் பேசுவான். நேற்று சைக்கிள் வாங்கியவர்களோடு ஓட்டி இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கிவிட்டான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மொங்கோ.

"அக்கா, ரெண்டே விஷயம்" என்றான். "முன் பிரேக்கைத் தொட்டுடாதீங்க. குப்புற அடிச்சிரும். அப்புறம், பின்னாடி யாராவது 'பெர்மிசி'ன்னு கத்துனா உடனே ஒதுங்கிருங்க. அதுதான் இந்த விளையாட்டோட மரியாதை."

பெர்மிசி என்றால் 'மன்னிக்கணும், வழி விடுங்க'. இரண்டையும் வேதமாக எடுத்துக்கொண்டேன். முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். நான் ஒரு பக்கம் கிடப்பேன், சைக்கிள் இன்னொரு பக்கம் கிடக்கும். முதல் மாசத்தில் இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை. கிழவன் பல் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். தள்ளுவண்டி அக்கா என்று பெயர் வைத்தார்கள். லாரியின் பின்னாலிருந்தே கூப்பிடுவார்கள். "தள்ளுவண்டி அக்கா, மெதுவா போங்க, பள்ளம்!"

ஒரு சனிக்கிழமை முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வயசிலிருந்து லாரி ஓட்டுகிறேன். வளைவு வருவதற்கு முன்னால், நேர் பாதையிலேயே, நன்றாக அழுத்திப் பிடிப்பேன். வளைவுக்குள் போனதும் விட்டுவிடுவேன். வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகி, மிதித்தாலும் நிற்காது. அது தெரியாத டிரைவர் இந்த மலையில் உயிரோடு இருக்க மாட்டான். இவ்வளவும் தெரிந்த நான், லாரியைத் தொட்டே பார்க்காத ஒருத்தன் சொன்னதைக் கேட்டு மூன்று மாசம் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். லாரியை ஓரமாக நிறுத்தி என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பிரேக்கும், ஒவ்வொரு விரலால். முன் பிரேக்தான் உண்மையில் நிறுத்துகிறது. வளைவுக்கு முன் பிடி, உள்ளே விடு. சைக்கிள் தண்டவாளத்தில் போவது போலப் போனது. ஆறாவது மாசம் கிழவன் பல்லில் கால் ஊன்றாமல் இறங்கினேன். கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதற்குள்ளேயே அழுதேன், சந்தோஷத்தில். யாரும் பார்க்கவில்லை. அதனால் தள்ளுவண்டி என்ற பெயரும் மாறவில்லை.

இந்த வருஷம் பேர் கொடுக்கப் போனபோது பாக் தார்சோ மைக்கைப் பிடித்துக்கொண்டார். வழியில் போகிறவனும் நின்று கேட்டான்.

"நம்ம லாரிக்கார காத்தி கத்துக்குட்டிப் பிரிவுல ஆம்பளைங்களோட ஓட்டப் போறா! பத்துப் பேருக்குள்ள வந்துட்டான்னா அடுத்த வருஷம் பொம்பளைங்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறேன். இது என் வாக்கு. வரலைன்னா அவ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஸ்டியரிங்கோட நிறுத்திக்கணும். என்ன காத்தி, சம்மதமா?"

மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"மொங்கோ, பாக்" என்றேன்.

நாற்பத்து மூன்று பேர். முதல் ஓட்டத்தில் இருபது பேரைப் பொறுக்குவார்கள். அந்த இருபது பேருக்கு இரண்டாவது ஓட்டம். அதில் எடுக்கும் நேரம்தான் கணக்கு. சுமிலிரில் மதியம் ஆனால் பனி இறங்கிப் பாதையை மூடிவிடும். அதனால் ஒருவருக்குப் பின் ஒருவராக அரை நிமிஷத்துக்கு ஒருவரை விட்டார்கள். எண் வரிசைதான். எனக்கு முப்பத்தொன்று. எனக்குப் பின்னால் முப்பத்திரண்டு, காஞ்சில்.

அன்று காலையிலேயே பூங்காவின் இன்னொரு லாரி கிளட்ச் போய்ப் படுத்துவிட்டது. எல்லோரையும் நான்தான் ஏற்றினேன். விடியற்காலையிலிருந்து நாலு நடை. கடைசி நடையை மேலே கொண்டுபோய் விட்டதும், சாவியை ஜாத்மிகோவிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். அவர் லாரியைக் கீழே இறக்குவார் என்று ஏற்பாடு.

"பயமா இருக்கா?" என்றார்.

"கோபமா இருக்கு."

"அது போதும்" என்றார்.

கடிகாரக்காரர் விரலை மடக்கி மடக்கி ஐந்திலிருந்து எண்ணினார். கிளம்பினேன். பைன் காட்டு வேர்கள் கையை உதறி எடுத்தன. கிழவன் பல்லில் மூன்றாவது பல்லுக்கும் நாலாவது பல்லுக்கும் நடுவே டயர் போய்ப் பதிந்தது. வேலியோரம் நின்றவர்கள் "தள்ளுவண்டி!" என்று கத்துவது கேட்டது. கத்தி முடிப்பதற்குள் நான் தாண்டிவிட்டேன். என் ஆயுசில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

ஆப்பிள் வளைவு வந்தது. அங்கே பாதை முன்னால் போய்த் திரும்பி, வந்த திசையிலேயே கீழே வரும். மேல் பாதையில் வருகிறவனும் கீழ்ப் பாதையில் போகிறவளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். நடுவே வேலியும் மேடும் உண்டு. சுற்றிக்கொண்டு வர நேரம் ஆகும். நான் கீழ்ப் பாதைக்குள் திரும்பினேன்.

"பெர்மிசி! பெர்மிசி!"

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. என் மூளை எதையும் கேட்கவில்லை. கை பிரேக்கைப் பிடித்தது. கால் இறங்கியது. சைக்கிளைத் தூக்கி மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தேன், பாதை நன்றாக விலகட்டும் என்று. பிறகு ஓரமாக நின்று, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, வலது கைக் கட்டை விரலால் பாதையைக் காட்டினேன். எங்கள் ஊரில் ஆள்காட்டி விரலை நீட்டுவது மரியாதை இல்லை. "மொங்கோ" என்றேன். முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

யாரும் வரவில்லை.

நின்றேன். ஆப்பிள் மரத்தில் ஒரு குருவி கத்தியது. கட்டை விரலை மடக்கவில்லை. நடுவில் மடக்கினால் நன்றாக இருக்காதே! கடைசியில் காஞ்சில் வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தான். "நன்றி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகுதான் நான் சைக்கிளை வேலிக்கு இந்தப் பக்கம் எடுத்து வைத்து ஏறினேன்.

பத்தொன்பதாவது இடம். இருபதுக்குள் ஒட்டிக்கொண்டேன். பத்துக்குள் வருவதற்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஜாத்மிகோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "எங்கயாவது விழுந்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஓரமாக நின்று கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கிட்டே வந்தவனுக்கு வழி விட வேண்டியதுதானே, அதுதானே விதி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஓட்டத்துக்கு மற்றப் பத்தொன்பது பேரையும் ஏற்றினேன். பன்னிரண்டு பேர் முதல் நடையில். காஞ்சில் அதில் இருந்தான். ஜன்னலில் கண்ணாடி இல்லை என்பதை மறுபடியும் மறந்துவிட்டார்கள்.

"எப்படிண்ணே நீங்க வரும்போது மட்டும் பாதை எப்பவும் காலியா இருக்கு?" என்று எவனோ கேட்டான்.

காஞ்சில் சிரித்தான். "ஆப்பிள் வளைவுதாண்டா. மேல் பாதையில வரும்போதே கீழ பாத்து ஒரு பெர்மிசி விடுவேன். நான் இன்னும் சுத்திக்கிட்டு வரணும், பதினஞ்சு செகண்டு ஆகும். டவுன் பசங்க காதுல போட்டுக்க மாட்டானுங்க. நம்ம ஊர் ஆளு ஒவ்வொருத்தனும் நிப்பான். நின்னு சிரிப்பான்! இன்னைக்குத் தள்ளுவண்டி அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா? சைக்கிளையே வேலிக்குள்ள தூக்கி வச்சிட்டு, கட்டை விரலைக் காட்டிக்கிட்டு, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்குது!"

லாரியே குலுங்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

பதினைந்து விநாடி. நான் குருவியைக் கேட்டுக்கொண்டு நின்ற பதினைந்து விநாடி. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கி வைத்தது தனி. என் காதுகள் சூடாகிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாத்மிகோ என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தார்.

"கமிட்டியில சொல்லலாமா?" என்றேன் தாழ்ந்த குரலில்.

"என்னன்னு சொல்லுவ? அவன் கூப்பிட்டான். நீ நின்ன."

அந்தப் பதில் காஞ்சிலின் சிரிப்பைவிட எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அது சரியான பதில். அவன் என்னைத் தொடவில்லை, தள்ளவில்லை. நானே சைக்கிளைத் தூக்கி வைத்தேன். பிறந்ததிலிருந்து எவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குகிறேன். கிட்டே இருக்கிறானா தூரத்தில் இருக்கிறானா என்றுகூடப் பார்ப்பதில்லை. முன்னால் ஒரு பள்ளம் வந்தது. எப்போதும் மெதுவாக இறக்குவேன். அன்று அப்படியே விட்டேன். பின்னால் பன்னிரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"அக்கா! பள்ளம்!"

"தெரியும்" என்றேன்.

இரண்டாவது ஓட்டம். அதே எண் வரிசை, அதே அரை நிமிஷம். எனக்குப் பின்னால் அதே ஆள். விரல்கள் மடங்கின. கிளம்பினேன். வேர், பாறை, தூசி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிடித்தேன், உள்ளே விட்டேன். கிழவன் பல்லில் இந்தத் தடவை பிரேக்கையே தொடவில்லை. ஒரு பல் பெடலில் இடித்துச் சைக்கிள் ஒரு முழம் எகிறியது. நானும் எகிறினேன், இருவரும் சேர்ந்தே இறங்கினோம். ஆப்பிள் வளைவில் திரும்பிக் கீழ்ப் பாதைக்குள் நுழைந்தேன்.

"பெர்மிசி! பெர்மிசி!"

வாய் பழக்கத்தை விடவில்லை. "மொங்கோ!" என்று ஹெல்மெட்டுக்குள் உரக்கச் சொல்லியும்விட்டது. கை அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு விரலையும் பிரேக்கிலிருந்து எடுத்தேன். வேலி இரண்டு பக்கமும் கோடாக ஓடியது. கீழே மைக்கில் பாக் தார்சோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி மேட்டிலிருந்து பறந்து, கோட்டைத் தாண்டி, வைக்கோல் கட்டுகளில் போய் மோதித்தான் நின்றேன். காஞ்சில் எனக்குப் பின்னால்தான் வந்தான். தூரத்தில், தனியாக.

ஒரு மணி நேரம் கழித்துப் பலகையில் எழுதினார்கள். முதலிடம் காஞ்சில், மூன்று நிமிஷம் ஒன்பது விநாடி, மூன்றாவது வருஷக் கோப்பை. அதுவும் எரிச்சல்தான். ஒன்பதாவது இடத்தில் விகாத்தி, மூன்று நிமிஷம் முப்பத்தொரு விநாடி. என் பெயரை இரண்டு தடவை படித்தேன். ஜாத்மிகோ கைபேசியில் படம் எடுத்தார். இரண்டு படமும் மங்கலாக விழுந்தன.

பாக் தார்சோவிடம் போனேன். மைக்கை அணைத்துவிட்டுத்தான் பேசினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அபாரம் காத்தி! நெஜமாவே அபாரம்."

"அடுத்த வருஷப் பிரிவு, பாக்?"

"அதும்மா..." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஜனங்க கொஞ்சம் சிரிக்கட்டும்னு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு பிரிவுக்கு அஞ்சு பேராவது பேர் கொடுக்கணும்."

"பிரிவே இல்லாம எதுல பேர் கொடுப்பாங்க?"

"பாப்போம், பாப்போம். அடுத்த வருஷம் பாப்போம். இப்ப மணி பன்னெண்டரை. மேல் பிரிவுக்காரங்க இருபத்தெட்டு பேர் காத்திருக்காங்க, பனி வேற வருது. லாரியை எடும்மா, நல்ல பிள்ளைல்ல."

மைக்கைப் போட்டார். "மேல் பிரிவு வீரர்கள் லாரிக்கு வரவும்! நம்ம காத்தி ரெடியா இருக்கா!"

திரும்பி லாரிக்கு நடந்தேன். இருபத்தெட்டு பேரும் கவசம் மாட்டி, வியர்த்துக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி லாரியைச் சுற்றி நின்றார்கள். பின் கதவு பூட்டியிருந்தது. ஜாத்மிகோ சாவியை எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். இரண்டடி பின்னால் போனார்.

"உன் வண்டி, உன் சாவி" என்றார்.

சாவியை வாங்கி மார்புக் கவசத்துக்குள் போட்டேன்.

"பெர்மிசி அக்கா, கதவைத் தொறக்கிறீங்களா?" என்றான் முன்னால் நின்றவன்.

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கினேன். வலது கைக் கட்டை விரலால் மலையைக் காட்டினேன்.

"மொங்கோ."

"என்ன மொங்கோ?"

"மேல போகணும்ல? பாதை அதுதான். மூணரை கிலோமீட்டர். தள்ளிக்கிட்டுப் போங்க. நான் ஆறு மாசம் தள்ளியிருக்கேன், ஒண்ணும் ஆகாது. பேரு மட்டும் வைப்பாங்க."

சிரித்தார்கள். நான் லாரியின் படியில் உட்கார்ந்து, சோயாவில் செய்த பொரித்த தெம்பே ஒன்றை எடுத்துக் கடித்தேன். சிரிப்பு நின்றது. நாலைந்து பேர் வீம்புக்குத் தள்ளத் தொடங்கினார்கள். முழங்கால் கவசத்தோடு, முகம் மூடிய ஹெல்மெட்டோடு, அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு முதல் திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை, சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். உச்சியில் பைன் மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்துகொண்டிருந்தன.

பாக் தார்சோ ஓடி வந்தார். "காத்தி, விளையாடாத!"

"விளையாட்டுதானே பாக் நடத்துறீங்க."

"இது நல்லா இல்லம்மா. இத்தனை பேர் பாக்குறாங்க."

"அன்னைக்கும் பாத்தாங்க. நீங்க மைக்ல வாக்குக் கொடுத்தீங்க. இன்னைக்கு மைக்கை அணைச்சிட்டுத் திருப்பி வாங்கிக்கிட்டீங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. பெரியவர் ஒருவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தவில்லை. "ஒரு பொண்ணு புதுக் கவசத்தோட இந்த சீட்டுல உக்காந்து, அழுவுறதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டா பாக். உங்ககிட்ட யாராவது மன்னிப்புக் கேட்டு அழுதிருக்காங்களா? நான் ஒம்பதாவதா வந்தேன். நான் வாக்கைக் காப்பாத்திட்டேன். நீங்க?"

கூட்டத்தில் எவனோ, "குடுத்துருங்க பாக், பனி வருது" என்றான். நியாயத்துக்காகச் சொல்லவில்லை, பனிக்காகத்தான் சொன்னான். பரவாயில்லை.

"சரி, வைக்கிறேன். போதுமா?"

"மைக்ல."

மைக்கில் சொன்னார்.

"எழுதிக் கொடுங்க. முத்திரையோட."

கமிட்டியின் முத்திரை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. முடிவுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினார். 'அடுத்த ஆண்டு பெண்கள் பிரிவு நடத்தப்படும்.' நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னும் ஒண்ணு சேருங்க. 'ஒருத்தியே வந்தாலும்.'"

என்னைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். 'ஒருத்தியே வந்தாலும்' என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஜாத்மிகோ அதை உரக்கப் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக, தெருவில் விளம்பரம் படிக்கிறவர் மாதிரி. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. காகிதத்தை மடித்துச் சாவி இருந்த இடத்தில் வைத்தேன்.

கதவைத் திறந்தேன். "ஏறுங்க" என்றேன். முதல் பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். எஞ்சினைப் போட்டு, முதல் கியரில் நகர்த்தினேன். ஜன்னல் வழியாகப் பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை. ஏழு வருஷத்தில் அது புதிது.

முதல் திருப்பத்தை நெருங்கும்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காஞ்சில். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் சைக்கிள். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

"பெர்மிசி அக்கா! பெர்மிசி! நில்லுங்க, நானும் வரேன்!"

நன்றாகக் கேட்டது. கிட்டேதான் இருந்தான், பத்தடி. இந்தத் தடவை வாய்கூட ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கியரைப் போட்டேன்.